ஒப்புப் பாட்டு

அத்தியாயம் 14

மார்செல் சுவரில் காதை அப்பிக்கொண்டு நின்றான்.

தாழ்வாரக் கோடியில் உட்கார்ந்திருந்த காவலாளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். முப்பத்தெட்டு வயது ஆள், கோட்டுப் போட்டவன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி அடுத்த அறையை ஒட்டுக் கேட்கிறான் என்று வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் தங்கை பாடிக்கொண்டிருந்தாள்.

நேரில் அல்ல, ஒலிபெருக்கியில். செலஸ்டின் மெட்டோயர் பாடிய ‘பின்சீட்டில் உன் கோட்டு’. கோடை முழுக்க லாஸ் ஏஞ்சல்ஸில் எந்தக் காரின் கண்ணாடி இறங்கினாலும் அதுதான் வெளியே வந்தது. மெட்டெடுத்தவன் மார்செல். தாளம் போட்டவனும் அவனே. அதனால்தான் இப்போது வெளியே நிற்கிறான்.

அவன் உறுப்பினனாக இருக்கும் ‘தங்க முள்’ விருதுக் குழுவில் அது ஒரு கறாரான வழக்கம். பாப் பிரிவுக்கு வந்த ஒவ்வொரு பாட்டையும் அறைக்குள் போட்டுக் கேட்பார்கள். இது பாப்தானா என்று கை தூக்குவார்கள். பாட்டில் உங்கள் ரத்தமோ உழைப்போ இருந்தால் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட வேண்டும். கதவு திறக்கும்வரை உள்ளே வரக் கூடாது.

காலையிலும் ஒருமுறை அவனை வெளியே அனுப்பினார்கள். நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒரு பொன்முடி வெள்ளைக்காரப் பையனின் பாட்டு. அதற்கும் தாளம் மார்செல்தான். தண்ணீர் பிடிக்கலாம் என்று காகிதக் கோப்பையை நீட்டினான். கோப்பை நிறைவதற்குள் கதவு திறந்துவிட்டது. பாப். எல்லாக் கையும் மேலே.

இப்போது குடித்து முடித்த மூன்றாவது கோப்பை அவன் கையில் நசுங்கிக் கிடந்தது. கதவு திறக்கவில்லை.

பாட்டு நின்றது. பேச்சு கிளம்பியது.

“கோரஸ் நாப்பது விநாடிக்குள்ள வருது. ரெண்டாம் தடவை கேக்கும்போதே பல் விளக்கிக்கிட்டே பாடலாம். இது பாப் இல்லன்னா வேற எதுங்க பாப்?” ஒரு பெண் குரல்.

“குரலைக் கேளுங்கம்மா. சர்ச்சுலேர்ந்து வர்ற குரல் அது. நல்ல குரல்தான், நான் இல்லைங்கல. ஆனா பாப் குரல் இல்ல.”

“பாப் குரல்னு தனியா ஒண்ணு எங்க விக்குது?”

“என் கணக்கு ரொம்ப சிம்பிள்,” என்றது இன்னொரு ஆண் குரல். “என் மச்சினிச்சி கார் ஓட்டும்போது முணுமுணுப்பாளா? முணுமுணுத்தா பாப்.”

“உங்க மச்சினிச்சி என்ன நிறம்னு கேக்கலாமா?”

யாரோ சிரித்தார்கள். யாரோ சிரிக்கவில்லை. நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

“பாப்னா எல்லாரும் கேக்கற பாட்டு. அவ்வளவுதான்.”

“எல்லாரும்னா யாரு?”

மார்செலுக்கு வாய்க்குள் கசந்தது. அவன் பிறந்ததிலிருந்து அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிற கேள்வி அது.

அப்போதுதான் அந்தக் குரல் எழுந்தது. கனத்த, நெய் தடவின மாதிரியான வானொலிக் குரல்.

“தலைவி அவர்களே, எங்கிட்ட ஒரு ஒப்புப் பாட்டு இருக்கு.”

ராய்ஸ் பிக்கெட். ஓய்வு பெற்ற அறிவிப்பாளர். ஞாயிறு தவறாமல் அப்பாவோடு டாமினோ ஆடுகிறவர்.

மார்செல் நிமிர்ந்தான். ஒப்புப் பாட்டு என்றால் சண்டை தீவிரமாகிவிட்டது என்று அர்த்தம். “இது பாப் இல்லை” என்று ஒருவர் அடம்பிடித்தால், வெறும் வாயால் சொன்னால் செல்லாது. பழைய பாட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட வேண்டும். ‘இதே மாதிரிப் பாட்டை அன்றைக்கு எங்கே வைத்தார்கள்? அப்படியானால் இதையும் அங்கேயே வைப்போம்’ என்று காட்ட வேண்டும். முதல் நாளே தலைவியிடம் அதைக் கொடுத்துவிட வேண்டும். எனவே ராய்ஸ் திடீரென்று எழுந்திருக்கவில்லை. நேற்றே தயாராகிவிட்டிருக்கிறார்.

சுவருக்குப் பின்னால் ஒரு மேஜை தட்டப்பட்டது. டொக், டொக்-டொக். பிறகு கைதட்டல். பிறகு ஒரு கிட்டார்.

மார்செலின் கையிலிருந்து கோப்பை விழுந்தது.

அது அவன் அப்பாவின் பாட்டு. லூஷியன் மெட்டோயரின் ‘செவ்வாய்க்கிழமை வெளிச்சம்’. அதுவும் இசைத்தட்டில் வந்ததல்ல. இசைத்தட்டில் கம்பெனிக்காரர்கள் வயலின்களைக் கொட்டிக் கவிழ்த்திருந்தார்கள், பாப் ஆக்குகிறோம் என்று. பாப் ஆக்கியும் பாப் நிலையங்கள் அதைத் தொடவில்லை. ‘இது ஆர் அண்ட் பி’ என்று, கறுப்பர் இசை என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் சொல்லும் அந்தப் பெயரை ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கதையை அப்பா முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறார்.

இங்கே வயலின் இல்லை. சமையலறை மேஜையும் கைதட்டலும் கிட்டாரும்தான். வீட்டில் எடுத்த டேப். வீட்டைத் தாண்டி யாரும் கேட்டிராத டேப்.

வயலின்களை உரித்துப் போட்டால் அந்தத் தாளம் அப்படியே அவன் தங்கைக்குப் போட்ட தாளம். அவன் அறியாமலே அப்பாவின் மேஜைத் தட்டல் அவன் விரலுக்குள் புகுந்திருந்தது. ஒப்பிட இதைவிடக் கச்சிதமான பாட்டு கிடைக்காது. வயலின் போட்டதை ஒலிக்க விட்டிருந்தால் பாதிப் பேர் ‘இதுவே பாப்தானே’ என்றிருப்பார்கள். இதைத் தேர்ந்தெடுத்தவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

பாட்டு முடிந்தது. முடிந்த பிறகும் டேப் ஓடியது. அப்புறம் ஒரு குழந்தைக் குரல், மழலை மாறாமல்:

“இன்னொரு தடவ, அப்பா.”

செலஸ்டினுக்கு அப்போது மூன்று வயது.

உள்ளே வெகு நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண் குரல், “அடேயப்பா, என்ன பாட்டுங்க இது,” என்றது மெல்ல. கைகள் தூக்கப்படும் துணிச் சரசரப்பு கேட்டது.

கதவு திறந்தது. தலைவி ஹானா லிண்ட்ஸ்ட்ரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “உள்ள வரலாம் மிஸ்டர் மெட்டோயர்,” என்றார். அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. “பாட்டு ஆர் அண்ட் பி அறைக்குப் போகுது. ஒரு கை வித்தியாசம்.”

ராய்ஸ் பிக்கெட் ஜன்னல் வழியாக எதையோ ரசித்துக்கொண்டிருந்தார்.

*

கூட்டம் கலைந்ததும் லிஃப்ட் வாசலில் அவரை மடக்கினான்.

“ராய்ஸ் மாமா.”

“அறைக்குள்ள நடந்ததை வெளிய பேசக் கூடாதுப்பா. உனக்குத் தெரியாததா?”

“பேச வேணாம். அந்த டேப் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? அதை மட்டும் சொல்லுங்க.”

“நான் வாய் மட்டும்தான் குடுத்தேன்.” கிழவர் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். “இந்த லிஃப்ட் வர்றதே இல்ல.”

“என் தங்கச்சி உங்க மடியில உக்காந்து வளந்தவ.”

“தெரியும்டா.” அவர் குரலிலிருந்த நெய் வற்றியிருந்தது. “அதனாலதான் ஏறிட்டுப் பாக்காம இருக்கேன். விடு.”

லிஃப்ட் வந்தது. விட்டுவிட்டான்.

*

பர்பாங்க் வெயிலில் கார் நிறுத்துமிடம் கொதித்தது. செலஸ்டின் தன் காருக்குள் உட்கார்ந்திருந்தாள், காலையிலிருந்து. உள்ளே இருந்தால் அண்ணனுக்குச் சங்கடம், வீட்டில் இருந்தால் தனக்குப் பைத்தியம் என்று நடுவில் நின்றுவிட்டாள்.

அவன் கதவைத் திறந்து ஏறியதும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“சொல்லாத. ப்ரென்னன் கூப்பிட்டாச்சு. உன் கூட்டம் கலையறதுக்குள்ள கம்பெனிக்குச் சேதி போயிடுச்சு.”

“என்ன சொன்னான்?”

“ரொம்ப வருத்தமாம். நாலாம் மாடியில அருமையான டீம் இருக்காம்.” அவள் சிரித்தாள். “அருமையான டீம்! அந்த மாடிக்கு லிஃப்ட்டு கூடப் பாதி நாள் நிக்காது.”

கம்பெனியில் ஒன்பதாம் மாடி பாப். நாலாம் மாடி மற்றது. ஒன்பதாம் மாடிக்காரர்களின் பாட்டு ஊர் ஊராக ஒலிக்கும், அரங்கங்கள் ஒரு வருஷம் முன்பே பதிவாகும். நாலாம் மாடிக்காரர்கள் பிப்ரவரியில், கறுப்பர் வரலாற்று மாதத்தில் மட்டும் ஞாபகத்துக்கு வருவார்கள். பாப் பிரிவில் பாட்டு நின்றால் ஒன்பது, இல்லையென்றால் நாலு. கம்பெனி மேலாளர் ப்ரென்னன் போன மாதம் கைகுலுக்கிச் சொன்ன வார்த்தை அது. அப்பா வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருந்த மாடி நாலு.

“காலைல அந்த நெப்ராஸ்காப் பையன் பாட்டு பாப்ல நின்னுடுச்சா?” என்று கேட்டாள்.

அவன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான்.

“நின்னுடுச்சு. அதுக்கும் நீதானே தாளம்?”

“அதே தாளம்தான். ஒரு டிராயர்லேர்ந்து எடுத்து இன்னொரு டிராயர்ல வச்சேன். வேகத்தைக் கூட மாத்தல.”

“அவன் தட்டினா பாப். நான் தட்டினா சர்ச்சு.” அவள் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் அடித்தாள். “ஒரு கைலதான் போச்சுன்னான். எப்படி? போன வாரம் நீ எண்ணிப் பாத்தப்ப நம்ம பக்கம்தானே இருந்தாங்க?”

“ஒப்புப் பாட்டு போட்டாங்க.”

“எது?”

அவன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். “செவ்வாய்க்கிழமை வெளிச்சம்.”

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. “அப்பா பாட்டையா? அவருக்குப் பண்ணின அநியாயத்தைச் சாட்சியா வச்சு எனக்குப் பண்ணினாங்களா?”

“இசைத்தட்டு இல்ல டீனி. வீட்டு டேப்பு.”

“வீட்டு டேப்னா...”

“கடைசியில உன் குரல் வர்றது.”

செலஸ்டினின் முகம் மெதுவாக மாறியது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது வேறு.

“அந்த டேப்பு யார்கிட்டண்ணா இருக்கு?”

“டீனி...”

“போன கிறிஸ்துமஸுக்கு அதை உன் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர்ல ஏத்தினது யாரு?”

“நான்தான். ஆனா...”

“அடுத்த ஆல்பத்துக்கு வேற ஆளை வச்சுக்கறேன்னு நான் சொல்லி எவ்வளவு நாளாச்சு? மூணு வாரம் இருக்குமா? அன்னிக்குச் சிரிச்சியே. ‘உனக்கு எது நல்லதோ பண்ணும்மா’ன்னு பெரிய மனுஷனாட்டம் சிரிச்சியே. இதுக்குத்தானா?”

“நான் தாழ்வாரத்துல நின்னுக்கிட்டிருந்தேன்டி! காதைச் சுவத்துல வச்சுக்கிட்டு!”

“வெளிய நின்னா கை சுத்தமாயிடுமா?”

மார்செல் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டான். நான்கடி போனான். திரும்பி வந்தான். குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னான், ஒவ்வொரு வார்த்தையாக:

“அந்தத் தாளம் என்னோடது. பாட்டு பாப்னு நின்னா என் பேரும் நிக்கும். நீ என்னைக் கழட்டி விட்டாலும் அந்த ஒரு பாட்டாவது என் பேரைச் சொல்லிக்கிட்டிருக்கும்னு நினைச்சேன். அதை நானே போய் வெட்டுவேனா? நீ என்னைக் கழட்டி விட்டதுக்கு ராத்திரியெல்லாம் தூங்கல, அது வேற விஷயம். ஆனா நான் திருடன் இல்ல.”

அவள் அவனையே பார்த்தாள். கோபம் இறங்கவில்லை. ஆனால் கோபத்துக்கு இலக்கு நழுவியிருந்தது.

“அப்ப யாரு?”

“ரெண்டு பிரதி போட்டேன். ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு அப்பாவுக்கு. குட்டிப் பென் டிரைவ்ல, விரல் நீளத்துக்கு. சாவிக் கொத்தோட மாட்டி வச்சிருக்கார், சமையலறைச் சுவத்துல.”

“ராய்ஸ் ஞாயித்துக்கிழமை உக்கார்றது அந்தச் சுவத்துக்குக் கீழதான்.”

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

மார்செலுக்கு மண்டைக்குள் ஏதோ சடக்கென்று திறந்தது. “ஏய், இரு இரு. வெளிய வராத பாட்டை ஒப்புக்குப் போடணும்னா சொந்தக்காரர் சம்மதம் வேணும். தலைவிகிட்ட அவர் வாயால சொல்லணும். ராய்ஸ் ‘லூஷியன் சரின்னுட்டார்’னு ஒரு பொய்யைச் சொல்லியிருப்பார். கூடவே டாமினோ ஆடறவர்னு ஹானாவும் நம்பியிருப்பாங்க.”

“அதனால?”

“அதனால, அப்பா ஹானாவைக் கூப்பிட்டு ‘நான் சம்மதம் குடுக்கல’ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். ஒப்புப் பாட்டு செல்லாது. ஓட்டு செல்லாது. நாளைக்கு மறுபடி கை தூக்கணும்.”

“எதுக்குள்ள சொல்லணும்?”

“அஞ்சு மணிக்குப் பட்டியலை மூடிடுவாங்க.”

செலஸ்டின் வண்டியைக் கிளப்பிவிட்டாள். அவன் ஓடிவந்துதான் ஏறினான்.

*

நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்றபோதெல்லாம் அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா எடுக்கவில்லை.

“கம்போக் குழம்பு வைக்கறாராயிருக்கும்,” என்றான் மார்செல். “மாவு வறுக்கும்போது எடுக்கமாட்டார். கையை எடுத்தா கருகிடும்.”

“இன்னிக்கு எதுக்குக் கம்போ?”

“நீ ஜெயிச்சா விருந்து. தோத்தா ஆறுதல். ரெண்டுக்கும் ஒரே சட்டிதான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, நாளின் முதல் உண்மையான சிரிப்பு. “தெரியுமாண்ணா, சின்ன வயசுல எனக்கு அந்த வயலின் கதையைக் கேட்டாத்தான் தூக்கம் வரும். ‘கதவைச் சாத்திட்டாங்க டீனி, மூஞ்சியில சாத்திட்டாங்க.’ நான் என்னவோ நிஜக் கதவுன்னு நினைச்சுப்பேன். பெரியவளாகி உடைக்கணும்னு.”

“இன்னிக்கு உடை.”

இங்கில்வுட்டில் அப்பாவின் தெருவுக்குள் திரும்பும்போது விமானம் ஒன்று கூரைகளை உரசுகிற மாதிரி இறங்கியது. அம்மா இருந்தவரை, விமானம் போகும்வரை எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அம்மா மட்டும் நிறுத்தாமல் பாடிக்கொண்டிருப்பார். அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போது அந்த வீட்டில் நிறுத்துவதற்குப் பேச்சே இல்லை.

லூஷியன் மெட்டோயர் அடுப்பின் முன் நின்று மரக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார். சட்டிக்குள் எண்ணெயும் மாவும் செங்கல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன. அறுபத்தாறு வயது. முதுகு இன்னும் மேடைக்காரன் முதுகு.

“வாங்க வாங்க. கையை எடுக்க முடியாது, கோவிச்சுக்காதீங்க. மார்செல், அந்த இறாலை உரி. டீனி, உக்காரும்மா.” திரும்பாமலே கேட்டார்: “போயிடுச்சாமே?”

“யாருப்பா சொன்னா?”

“ஊரே பேசுது.” கரண்டி ஒரு சுற்றுச் சுற்றியது. “விடு. நாலாம் மாடி ஒண்ணும் நரகம் இல்ல. நான் இருந்தேனே. அங்கதான் நம்ம ஜனம் இருக்கு. அங்க நீ ராணி.”

“எனக்கு ராணியாக வேணாம்ப்பா. எல்லாரும் வந்து போற வாசல்ல நானும் போய் வரணும். அவ்வளவுதான்.”

“அந்த வாசல் நமக்கு இல்லம்மா. நான் சொல்லியிருக்கேன் இல்ல?”

“இருந்துச்சுப்பா. இன்னிக்கு மதியம் வரைக்கும் இருந்துச்சு.” அவள் மேஜையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றினாள். அதே மேஜை. டொக், டொக்-டொக் என்று அவர் தட்டிய அதே மரம். “ஒப்புப் பாட்டா எதைப் போட்டாங்கன்னு ஊர் சொல்லலையா?”

கரண்டி சுற்றியது.

“உங்க பாட்டுப்பா. வீட்டு டேப். யாரோ எடுத்துக் குடுத்திருக்காங்க.”

“ஓ,” என்றார் லூஷியன். தீயைக் குறைத்துவிட்டு, “முழுசாப் போட்டாங்களா?”

மார்செல் இறாலிலிருந்து தலை தூக்கினான். “முழுசா.”

“கேட்டாங்களா? பேசிக்கிட்டே இல்லாம, ஒழுங்காக் கேட்டாங்களா?”

“கேட்டாங்கப்பா. முடிஞ்ச பிறகு மூச்சு விடல யாரும். ஒரு அம்மா ‘அடேயப்பா, என்ன பாட்டுங்க இது’ன்னாங்க.”

அப்பாவின் பக்கவாட்டு முகம் ஒரு கணம் இருபது வயது குறைந்தது. மார்செல் அதைப் பார்த்தான். கையிலிருந்த இறாலை உரிக்காமலே கிண்ணத்தில் போட்டான்.

“அந்த அம்மா யாரு? பேரு தெரியுமா?”

“அப்பா!” செலஸ்டின் குரல் உடைந்தது. “என் பாட்டு போச்சு. நீங்க விமரிசனம் கேக்கறீங்க.”

“கேட்டேன், தப்பா? முப்பது வருஷத்துல அந்த ரூம்ல என் பாட்டு கேக்கறது இதான் முதல் தடவை.”

“சரி. கேட்டாச்சு. இப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க.” அவள் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். “ராய்ஸ் மாமா உங்க சாவிக் கொத்துலேர்ந்து எடுத்திருக்கார். நீங்க ஹானாகிட்ட ‘நான் சம்மதிக்கல’ன்னு சொன்னா ஓட்டு செல்லாதுப்பா. நாளைக்கு மறுபடி தூக்கணும். அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்.”

“ராய்ஸா?” லூஷியன் சட்டியைப் பார்த்தே சொன்னார். “அவன் எடுக்கற ஆள் இல்ல.”

“பின்ன எப்படிப் போச்சு? பறந்தா போச்சு?”

“கையில வேலையா இருக்கேன்மா. முதல்ல சாப்பிடுங்க. நாளைக்குப் பேசலாம்.”

“நாளைக்கு எதுவும் இல்லப்பா! அஞ்சு மணி!”

“டீனி.” அவர் இப்போதுதான் திரும்பினார், கரண்டியை நிறுத்தாமல். கண்கள் சிவந்திருந்தன, புகையா வேறா தெரியவில்லை. “ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. நீ அந்த வாசல்ல நுழைஞ்சுட்டேன்னு வை. ஜனங்க என்ன பேசுவாங்க? ‘அப்ப வாசல் திறந்துதான் இருந்திருக்கு. அவ அப்பன் பாட்டுதான் சரியில்ல போலிருக்கு’ன்னு பேசமாட்டாங்களா?”

“எவன் பேசுவான்?”

“நான் பேசுவேன்,” என்றார் லூஷியன். “எனக்குள்ள.”

தலைக்கு மேல் விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. யாரும் பாடவில்லை.

சத்தம் அடங்கியதும் செலஸ்டின் ஜன்னலோரம் கிடந்த அவருடைய ஃபோனை எடுத்தாள். “உங்க வலியெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா. அதைத் தின்னுதான் வளந்தேன். ஆனா எவனோ அதைத் திருடிக்கொண்டு போய் என் கழுத்துல சுருக்காப் போட்டிருக்கான். அதுக்கு நீங்க சும்மா இருக்கக் கூடாது. கையை எடுக்க வேணாம். நான் போட்டுத் தர்றேன், நீங்க பேசுங்க. அண்ணா, ஹானா நம்பர் சொல்லு.”

“டீனி, வேணாம்.”

“சொல்லுண்ணா!”

மார்செல் எண்ணைச் சொன்னான். அவள் அழுத்திக்கொண்டே வந்தாள். பாதி எண்ணிலேயே அவள் விரல் தயங்கியது. திரையில் மீதி எண் தானாக வந்து நின்றது, பெயரோடு. அந்த எண் அந்த ஃபோனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். லூஷியன் சட்டியைப் பார்த்தார்.

மணி அடித்தது. அவள் ஒலிபெருக்கியைப் போட்டு, ஃபோனை மேஜையின் நடுவில் வைத்தாள்.

“மிஸ்டர் மெட்டோயர்!” ஹானாவின் குரல் சமையலறையை நிறைத்தது. “நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். நேத்து நீங்க கேட்டுக்கிட்ட மாதிரியே எல்லாம் செஞ்சோம். நடுவுல நிறுத்தல, கடைசி வரைக்கும் போட்டோம். குழந்தை பேசற இடத்தையும் வெட்டாதீங்கன்னீங்களே, வெட்டல.”

கரண்டி நின்றது.

“ஹலோ? கேக்குதா? பட்டியலை மூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு, அதான் சொல்றேன். கவலையே படாதீங்க. டேப்பைக் கொண்டுவந்து குடுத்தது நீங்கதான்னு ராய்ஸையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. உங்க பிள்ளைங்களுக்கும் சத்தியமாத் தெரியாது.”

சட்டியில் மாவு கருகத் தொடங்கியது.